சர்வதேசத் தொடக்கப் பள்ளியில் முதல் ஆறு வாரம்: துபாய்க்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

துபாயில் ஒரு சர்வதேசப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில், வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்போது இங்கே பள்ளி திறக்கும். திறந்த முதல் வாரத்திலேயே "மிஸ், நீங்க தமிழா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் அம்மா அப்பாக்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். பாதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பே இல்லை. ஊரில் சிபிஎஸ்இ அல்லது மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளையைச் சட்டென்று இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு என்ன நடக்கிறது என்று புரியாமல் தவிப்பவர்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சொன்ன பதில்களைத்தான் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இரண்டாம் வகுப்பை மார்ச்சில் முடித்தான். இங்கே "இயர் 4" என்கிறார்கள். ஒரு வகுப்பைத் தாண்டிவிட்டானா?

இல்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நம் யுகேஜி வயதுக்கே "இயர் 1" தொடங்கிவிடும். அதனால் இயர் என்று சொன்னால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்: இயர் 4 என்பது நம் மூன்றாம் வகுப்பு. கிரேடு என்று சொல்லும் பள்ளியில் கழிக்க வேண்டியதில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் மாதக் கணக்கு. இங்குள்ள இந்தியப் பள்ளிகளும் நம் ஊர் போல ஏப்ரலில்தான் ஆண்டைத் தொடங்குகின்றன, மற்ற சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். அப்படி மாறும் பிள்ளைக்கு நடுவில் நாலைந்து மாதம் கிடைக்கும். அந்த இடைவெளியில் டியூஷன் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நன்றாகத் தூங்கட்டும், கையில் கிடைத்த கதைப் புத்தகத்தைப் படிக்கட்டும், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாடப்புத்தகமே தரவில்லையே? "பி.ஒய்.பி." என்றால் என்ன?

எல்லா சர்வதேசப் பள்ளியும் பி.ஒய்.பி. பள்ளி கிடையாது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளும் இங்கே நிறைய. பி.ஒய்.பி. (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) என்பது ஐபி அமைப்பின் தொடக்கப் பள்ளித் திட்டம். நான் வேலை செய்வது அப்படிப்பட்ட பள்ளியில் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) என்ற அமைப்பு 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. முதலில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நாடு நாடாக மாற்றலாகிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எந்த நாட்டுக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. ஜெனீவாவில் 1924-லேயே, ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கத்தின் ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து வளர்ந்த யோசனை இது. நம் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1976-லேயே ஐபி பட்டயப் படிப்பைக் கொண்டுவந்துவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். சிறு பிள்ளைகளுக்கான பி.ஒய்.பி. வந்தது 1997-ல். 3 வயதிலிருந்து 12 வயது வரை.

இதில் அறிவியல் புத்தகம், சமூகவியல் புத்தகம் என்று தனித்தனியாக இருக்காது. ஆறு பெரிய தலைப்புகள்: நாம் யார், இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியைப் பிற உயிர்களோடு பகிர்ந்துகொள்வது. ஒவ்வொன்றையும் ஐந்தாறு வாரம் எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே அறிவியல், வரலாறு, மொழி, முடிந்த இடத்தில் கணக்கு எல்லாவற்றையும் கொண்டுவருவோம். கணக்கில் பெரும்பகுதி தனி வகுப்பாகவும் நடக்கும். ஆகவே பிரவுன் தாள் போட்டு லேபிள் ஒட்ட ஏழு புத்தகம் வராது. ஆண்டுத் திட்டத்தைப் பள்ளியில் கேட்டு வாங்கி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டு வாரமாகப் பாடமே நடக்கவில்லை. விளையாடுகிறார்கள், படம் வரைகிறார்கள், ஏதோ ஒப்பந்தம் எழுதியதாகச் சொல்கிறாள். இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான், கோபத்தோடு வருவதும் இதுதான். அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள். வீட்டில் பேசும் மொழி என்று கேட்டால் பத்துக்குக் குறையாமல் வரும்: அரபு, உருது, ரஷ்யன், தகலாக், மலையாளம், பிரெஞ்சு, கொரியன், தமிழ். ஒவ்வொரு பிள்ளையும் "பள்ளியில் இப்படித்தான் இருக்கணும்" என்று வேறு ஏதோ ஒன்றைப் பழகிவந்திருக்கும். டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நின்று பாட்டுப் பாடுவது போலக் குட்மார்னிங் சொல்லும் பிள்ளையும் உண்டு, டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளையும் உண்டு.

அதனால் விதிகளை நான் எழுதி ஒட்டுவதில்லை. "நாம எல்லாரும் சேர்ந்து நல்லா இருக்கணும்னா என்ன வேணும்?" என்று கேட்டு அவர்களையே எழுதவைப்பேன். அதைத்தான் உங்கள் மகள் ஒப்பந்தம் என்கிறாள். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒரு வரிக்கே ஒரு நாள் போய்விடும். "பேசுபவரைக் கவனிக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை சொல்லும். கவனிப்பதை எப்படிக் காட்டுவது என்று நான் கேட்பேன். கண்ணைப் பார்க்கணும் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அப்போது நம் பிள்ளை ஒன்று மெல்ல, எங்கள் வீட்டில் பெரியவர்கள் திட்டும்போது கண்ணைப் பார்த்தால் எதிர்த்துப் பேசுவது மாதிரி, தலையைக் குனிந்துதான் நிற்போம் என்று சொல்லும். ஒரு கொரியப் பிள்ளை ஆமாம் என்று எழுந்து நிற்கும். வகுப்பே அமைதியாகிவிடும். குனிந்து நிற்பவன் கவனிக்காதவன் என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒன்று புரிகிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை என்னால் நடத்த முடியாது.

நம் தலையாட்டலும் அப்படித்தான். "சரி மிஸ்" என்று நம் பிள்ளை பக்கவாட்டில் தலையை அசைத்தால், வெளிநாட்டு ஆசிரியர் "முடியாது" என்று எடுத்துக்கொள்வார். முதல் வாரத்தில் இதைப் பேசிவிட்டால் ஆண்டு முழுவதும் ஒரு மனக்கசப்பைத் தவிர்த்துவிடலாம்.

இதற்கிடையில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த அளவுக்குப் படிக்கிறது, எண்களை எப்படிக் கையாள்கிறது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்று விளையாட்டின் நடுவிலேயே குறித்துக்கொண்டுதான் இருப்பேன். நான்காவது வாரம் வந்து கேளுங்கள், உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதி வைத்ததைக் காட்டுவேன். ஆறாவது வாரமும் "இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம்" என்றே ஒரு பள்ளி பதில் சொன்னால், அப்போது கோபப்படுங்கள், அது நியாயம்.

என் மகளை வகுப்பில் அவள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டிருப்போம். சிலருக்கு முதல் பெயர் கட்டத்திலேயே அப்பா பெயர் ஏறியிருக்கும். பள்ளிக் கணினி அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி வேறொரு பள்ளியில் இரண்டு வாரம் தன் அப்பா பெயருக்கு "எஸ் மிஸ்" சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சரைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டாள்.

முதல் நாளுக்கு முன்பே வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: கூப்பிடும் பெயர் இது, மற்றது அப்பாவின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. கூடவே பெயரை நீங்களே சொல்லிப் பத்து விநாடி ஒலிப்பதிவு ஒன்றை அனுப்புங்கள், அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். யாழினி, கயல்விழி என்றெல்லாம் இருந்தால் ழகரம் அவர்களுக்கு வராமல் போகலாம், பரவாயில்லை, முயற்சி செய்யட்டும். "கஷ்டமா இருந்தா கேட்டி-ன்னு கூப்பிடுங்க" என்று மட்டும் நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். நான் என் வகுப்பில் ழகரத்தை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பேன். நாக்கை மடக்கிச் சொல்லிப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, ஒரு வாரத்தில் ஏழெட்டுப் பேருக்கு வந்துவிடும். அந்தப் பெயருக்கு உரிய பிள்ளை அன்று உட்காரும் தோரணையே வேறு.

மூன்று வாரமாக வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் அவ்வளவு பேசுகிறவள். டாக்டரிடம் காட்டணுமா?

புது மொழிக்குள் வரும் பிள்ளைகளில் பலர் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார்கள். மௌனக் காலம் என்று இதற்குப் பெயரே உண்டு. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டே இருக்கும். நான் பார்ப்பது பேச்சை அல்ல: சொன்னதைச் செய்கிறாளா, மற்றவர் சிரிக்கும்போது சிரிக்கிறாளா, விளையாட்டில் சேர்கிறாளா, வரைவதில் என்ன வருகிறது.

ஒரு பெண் அக்டோபர் வரை என்னிடமே தமிழில்கூடப் பேசவில்லை. ஒரு நாள் விதைகளை வகை பிரிக்கத் தட்டில் கொட்டி வைத்தேன். புளியங்கொட்டையைப் பார்த்தாள். கையில் அள்ளிக்கொண்டு, பக்கத்தில் இருந்த எகிப்துப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் "இது விளையாடுறதுக்கு" என்றாள். மத்தியானம் நாலு பேர் முட்டை அட்டையை வெட்டிப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கத்தில் அழுகிறாள் என்றால் காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரையும் பார்க்கலாம், குழந்தை மருத்துவரையும் பார்க்கலாம். "ஏன் பேசலை, இன்னிக்காவது பேசினியா?" என்று தினமும் பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் கேட்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். அப்படியே மாறிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதை எடுத்துக் காட்டினார். மைதானத்தில் பேசும் ஆங்கிலம் பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடத்தைப் படித்து, யோசித்து, எழுதும் ஆங்கிலம் வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டு ஆகும். அந்த ஐந்து ஆண்டும் பிள்ளை யோசிக்காமல் இருக்க முடியுமா? எந்த மொழி பலமாக இருக்கிறதோ அதில் யோசிக்கட்டும். ஒரு மொழியில் புரிந்த கருத்து இன்னொன்றில் தொலைந்துபோகாது, சொல் மட்டும்தான் புதிதாகக் கற்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் திக்கித்திக்கிப் பேசும் ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சு சுருங்கினால், பிள்ளைக்குத் தமிழும் வளராது, ஆங்கிலமும் பள்ளி தரும் அளவைத் தாண்டாது. "ஏன் கடல் உப்பு கரிக்குது?" என்ற கேள்விக்கு உங்களால் எந்த மொழியில் பத்து நிமிடம் பதில் சொல்ல முடியுமோ அந்த மொழியில் சொல்லுங்கள்.

கணக்கில் ஒரு உதாரணம். மூன்றாம் வகுப்பில் பின்னம் வரும். கால் பங்கில் பாதி எவ்வளவு என்றால் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் தாளை மடித்து மடித்துப் பார்த்துத்தான் எட்டில் ஒன்று என்று கண்டுபிடிப்பார்கள். பாட்டியிடம் வளர்ந்த ஒரு பையன் மடிக்கவே இல்லை, "அரைக்கால்" என்றான். அரை, கால் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் அதுவே விடை. வகுப்புப் பலகையில் தமிழில் எழுதவைத்தேன். அடுத்த நாள் பாட்டியிடம் கேட்டு வந்து அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று என்றும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு ஆங்கிலம் அப்போது அரைகுறைதான். ஆனால் அந்த வாரம் பின்னத்தில் சந்தேகம் வந்தவர்கள் எல்லாம் அவனிடம் போனார்கள்.

இப்படி இரண்டு மொழியையும் ஒரே பாடத்துக்குள் பயன்படுத்துவதை வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் வேண்டுமென்றே செய்துபார்த்தார்கள், ஒரு மொழியில் படித்து இன்னொன்றில் எழுதுவது என்று. 1994-ல் கென் வில்லியம்ஸ் என்பவர் வெல்ஷ் மொழியில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இன்று ஐபி பள்ளிகளும் வீட்டு மொழியை வளர்க்கச் சொல்கின்றன. ஆகவே உங்கள் பிள்ளை தமிழில் குறிப்பெடுக்கலாமா என்று வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆங்கிலம், தமிழ் போதாதென்று அரபும் படிக்கணுமாம். தலைக்கு மேல் போகாதா?

இங்கே தனியார் பள்ளிகளில் அரபு கட்டாயப் பாடம், தாய்மொழிக்காரர்களுக்குத் தனி வகுப்பு, மற்றவர்களுக்குத் தனி. நம் பிள்ளைகளுக்குச் சுலபமான வகுப்புதான். கடைப் பலகைகளை வாசிக்க ஆரம்பித்ததும் அவர்களுக்கே ருசி வந்துவிடும்.

டிஃபன் பாக்ஸில் என்ன கொடுத்து அனுப்புவது?

முதலில், கொட்டை வகை வேண்டாம் என்ற விதி பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. இது நம் சமையலறையை நேரடியாகத் தொடும்: வேர்க்கடலைச் சட்னி, முந்திரி போட்ட பொங்கல், கடலை மிட்டாய் எல்லாம் கிடையாது. எள் ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் எள்ளுப் போட்ட இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும்கூட. தொட்டாலே மூச்சுத் திணறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், இதில் "கொஞ்சம்தானே" என்பது வேண்டவே வேண்டாம்.

மற்றபடி இட்லி, தோசை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், எது பிடிக்குமோ அது. இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்க முடிகிற அளவு. கையால் சாப்பிடுவதைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதைச் சரிசெய்வது ஆசிரியரின் வேலை. பயந்துபோய் நீங்களாகவே தினமும் சாண்ட்விச்சுக்கு மாறிவிடாதீர்கள். முதல் வாரத்தில் யார் வீட்டில் எதை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று பேசவைப்பேன். ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடும் வீடுகள், குச்சியால் சாப்பிடும் வீடுகள் எல்லாம் வரும்.

அப்புறம் ஒரு மெல்லிய ஸ்வெட்டர். வெளியே வெயில் என்று நினைத்து யாரும் அனுப்புவதில்லை, வகுப்பில் ஏசி குளிரில் பிள்ளைகள் விறைத்துப்போகிறார்கள்.

வீட்டுப்பாடம் இல்லை, ரேங்க் இல்லை. படிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிள்ளையின் வேலைகள் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே வரும், பெரும்பாலும் ஏதாவது செயலியில். செப்டம்பரில் எழுதிய பத்தியையும் டிசம்பரில் எழுதிய பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேங்க் அட்டையைவிட அது நிறையச் சொல்லும். ஆண்டில் ஒருமுறையாவது பிள்ளையே உங்களை உட்காரவைத்துத் தன் வேலையை விளக்கும் சந்திப்பு இருக்கும், அதற்கு இருவரும் வர முயற்சி செய்யுங்கள்.

"இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்றால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யாராவது கேட்ட கேள்வியில உனக்குப் புடிச்சது எது?" என்று கேட்டுப்பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு என் சக ஆசிரியர்களோடு கருத்து வேறுபாடு உண்டு. தேடிக் கண்டுபிடிக்கும் முறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏன் என்று நன்றாகத் தெரிகிறது, ஆனால் வேகம் குறைகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கு நுனியில் வர வேண்டும். வாய்ப்பாட்டை வீட்டில் தினமும் பத்து நிமிடம் சொல்லவைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நான் படித்த அரசுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் பாட்டாகவே சொல்லவைத்தார், இன்றும் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

காலையில் பேருந்தில் ஏறும்போது அழுகிறான்.

விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே மாதிரி. சொல்லாமல் நழுவாதீர்கள். வண்டி முக்கு திரும்பியதும் அழுகை நின்றுவிடுகிறதா என்று பேருந்தில் வரும் ஆயாவிடம் கேளுங்கள், பெரும்பாலும் நின்றிருக்கும்.

இப்போதுதான் ஒரு நல்ல தோழி கிடைத்தாள், அவள் குடும்பம் ஜூனில் வேறு நாட்டுக்குப் போகிறதாம். எங்களுக்கும் எத்தனை ஆண்டு இங்கே என்று தெரியாது.

சர்வதேசப் பள்ளியின் உண்மையான வலி இது. பெற்றோரின் ஊருமில்லாமல் இருக்கும் ஊருமில்லாமல் நடுவில் தனக்கென ஓர் உலகத்தோடு வளரும் இப்படிப்பட்ட பிள்ளைகளை "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று அழைத்தவர் ரூத் ஹில் உசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணமே வந்தது.

"வேற ஃப்ரெண்ட் கிடைப்பா" என்று சொல்லித் தேற்றாதீர்கள். அழட்டும். போகிற பிள்ளைக்கும் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு விடைபெறல் வேண்டும். என் வகுப்பில் போகிறவர் ஒரு பொருளை விட்டுச்செல்வார், ஒரு பொருளை எடுத்துச்செல்வார். புதுப் பிள்ளை வரும்போது அந்தப் பொருள் யாருடையது என்று மற்றவர்கள் கதை சொல்வார்கள்.

ஊருக்கே திரும்பிவிட்டால்?

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் முதலில் இடிக்கப்போவது ஆங்கிலமோ கணக்கோ அல்ல, தமிழ் எழுத்துதான். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி அங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயம். பின்னர் 2015-16 கல்வியாண்டிலிருந்து சிபிஎஸ்இ போன்ற பிற வாரியப் பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிவாக்கினார்கள். பேசத் தெரிந்த பிள்ளை எழுதத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் அது பெரிய கஷ்டம். இங்கே வெள்ளிக்கிழமை அரை நாள்தான் பள்ளி. அந்த மத்தியானத்தில் அரை மணி நேரம், ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தப்புத்தப்பாக இருந்தாலும் திருத்தாமல் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பதிலையும் அவர்கள் கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.